மேகமலைக் கொழுந்தும் வைகைத் தண்ணீரும்

மதுரைச் சமவெளியில் தேயிலை விளையாது. கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 100 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊர். சித்திரை, வைகாசியில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும். ஆண்டு மழை சுமார் 85 சென்டிமீட்டர். அதிலும் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் கொட்டிவிட்டுப் போய்விடும். தேயிலைக்கு 150 சென்டிமீட்டருக்குக் குறையாத மழை வேண்டும், அது பல மாதங்களுக்குப் பரவிப் பெய்யவும் வேண்டும். மண்ணில் புளிப்புத்தன்மை இருக்க வேண்டும். காற்றில் எப்போதும் ஈரம் இருக்க வேண்டும். வேரடியில் தண்ணீர் ஓடலாம், தேங்கக் கூடாது. நம் கரிசலும் செவலும் எவ்வளவு பாடுபட்டாலும் இவற்றைக் கொடுக்க முடியாது.

ஆனாலும் இரவு இரண்டு மணிக்கு மாட்டுத்தாவணியில் இறங்கிப் பாருங்கள். பேருந்து நிலையத்தைச் சுற்றி, பூ மார்க்கெட் வாசலில், காய்கறி லாரிகள் நிற்கும் இடத்தில், எங்கும் பாய்லர் கொதித்துக்கொண்டிருக்கிறது. மூட்டை இறக்குபவர், கிராமத்திலிருந்து மல்லிகை கொண்டுவந்தவர், ஆஸ்பத்திரியில் உறவுக்காரருக்குத் துணையிருந்துவிட்டு வெளியே வந்தவர், சென்னை பஸ்ஸுக்குக் காத்திருப்பவர், எல்லார் கையிலும் ஒரு கிளாஸ். தூங்கா நகரம் என்று இந்த ஊருக்குப் பெயர். தான் ஒரு கோடைகூடப் பிழைக்க முடியாத ஊரின் தூங்காமைக்கு ஒரு மலைச்செடி துணை நிற்கிறது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கைகூப்பத் தோன்றுகிறது.

அந்தச் செடி இருக்கும் இடம் அதிகத் தொலைவில் இல்லை. நாகமலையைத் தாண்டி மேற்கே உசிலம்பட்டி, ஆண்டிபட்டிக் கணவாய், தேனி, சின்னமனூர் என்று போய், கொண்டை ஊசி வளைவுகளில் ஏறினால் மேகமலை. 1996-இல் தேனி தனி மாவட்டமாகும் வரை இதுவும் மதுரை மாவட்டத்து மண்தான். கீழே வாழைத்தோப்பும் திராட்சைப் பந்தலும் காய்ந்த காற்றும். மேலே சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் பனிமூட்டமும் பச்சைத் தேயிலையும். ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் ஆறு டிகிரிக்கு மேல் குறையும் என்பது ஒரு சாதாரணக் கணக்கு. ஆனால் அந்தக் கணக்கை இவ்வளவு பக்கத்தில், ஒரே மாலை நேரப் பயணத்தில் உடம்பால் உணரும்படி படைத்தவன் வைத்திருக்கிறான்.

மேகமலையில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் அதன் தண்ணீர். மலையின் ஒரு பக்கம் கம்பம் பள்ளத்தாக்கு, மறுபக்கம் வருசநாடு. கம்பம் பக்கம் இறங்கும் நீர் சுருளியாற்றோடு போகிறது. வருசநாட்டுப் பக்கம் இறங்கும் நீர் மூல வைகையில் சேர்கிறது. இரண்டும் தேனிக்கு அருகே ஒன்றுகூடி, 1959-இல் திறக்கப்பட்ட வைகை அணைக்கு வந்துசேர்கின்றன. பொறியாளர் பென்னிகுவிக் கட்டி 1895-இல் திறந்த பெரியாறு அணையின் நீரும் மலையைக் குடைந்த சுரங்கம் வழியாக இதே பள்ளத்தாக்கில் இறங்கி இதே அணைக்குத்தான் வருகிறது. அங்கிருந்து குழாய் வழியே மதுரைக்குக் குடிநீர். ஆக, மலையில் பெய்த மழையில் ஒரு பங்கு தேயிலையின் வேருக்குள் போய்க் கொழுந்தாகிறது. இன்னொரு பங்கு ஆறாக இறங்கி மதுரைக் குழாய்க்கு வருகிறது. வெவ்வேறு வழியில் வந்த அந்த இரண்டும் கடைசியில் டீக்கடை பாய்லருக்குப் பக்கத்தில் சந்திக்கின்றன.

மதுரையில் விற்கும் டீத்தூள் முழுவதும் இந்த மலையில் விளைந்ததல்ல என்பதையும் சொல்ல வேண்டும். நீலகிரி, வால்பாறை, மூணாறு, அஸ்ஸாம் என்று பல ஊர்த் தூளும் வருகிறது, கலந்தும் வருகிறது. ஆனால் மேற்கு மலையிலிருந்து மதுரைச் சீமை வழியாகத் தேயிலை இறங்கும் வழக்கம் நூறாண்டைத் தாண்டியது. மூணாறு மலைத் தோட்டங்களின் தேயிலைப் பெட்டிகள் ஒரு காலத்தில் டாப் ஸ்டேஷன் என்ற முகட்டிலிருந்து கம்பிவடத்தில் தொங்கியபடி கொட்டகுடிக்கு இறங்கின. அங்கிருந்து போடிநாயக்கனூர், பிறகு வண்டிகளில் ரயிலடி, பிறகு தூத்துக்குடித் துறைமுகம், அங்கிருந்து கப்பல். மூணாறு மலைக்குள் ஓடிய குண்டளைப் பள்ளத்தாக்கு ரயில் 1924-ஆம் ஆண்டு வெள்ளத்தில் அடித்துக்கொண்டு போனது. 1928-இல் மதுரை–போடி ரயில் பாதை வந்தது. அகலப் பாதைக்காகப் பல ஆண்டுகள் மூடிக் கிடந்த அந்தப் பாதையில் 2023 முதல் மறுபடி போடி வரை ரயில் ஓடுகிறது.

இனி செடியைப் பார்ப்போம். காமெல்லியா சினென்சிஸ் என்பது அதன் அறிவியல் பெயர். தோட்டத்தில் இடுப்பளவு உயரத்தில் பாய் விரித்ததுபோல் நிற்பதைப் பார்த்து அதைப் புதர் என்று நினைக்கிறோம். வெட்டாமல் விட்டால் பத்து மீட்டருக்கு மேலும் வளரும் மரம் அது. சீனாவின் யுன்னான் மாநிலத்துக் காடுகளில் அப்படி ஓங்கி நிற்கும் பழந்தேயிலை மரங்களை இன்றும் ஏறிப் பறிக்கிறார்கள். இந்த ஓர் இனத்துக்குள் இரண்டு பெரிய வகைகள். சின்ன இலையும் குளிர் தாங்கும் உடம்பும் கொண்ட சீன வகை ஒன்று. அகன்ற இலையும் வேகமான வளர்ச்சியும் கொண்ட அஸ்ஸாம் வகை மற்றொன்று. அஸ்ஸாமின் சிங்போ மக்கள் வெள்ளைக்காரர் வருவதற்கு வெகுகாலம் முன்பே தங்கள் காட்டுத் தேயிலையைப் பக்குவம் செய்து குடித்துவந்தார்கள். 1823-இல் ராபர்ட் புரூஸ் என்பவர் அவர்களிடம்தான் அதைக் கண்டார். அஸ்ஸாம் பள்ளத்தாக்கு உயரம் குறைந்த நிலம். ஆனால் அங்கே மழை தாராளம். மலை உயரமா மழையா என்று கேட்டால், தேயிலைக்கு முதலில் வேண்டியது மழைதான் என்று அந்த வகை காட்டிவிட்டது.

நான்கைந்து ஆண்டுக்கு ஒருமுறை கவ்வாத்து செய்து செடியைக் கட்டையாக வெட்டிவிடுகிறார்கள். பிறகு ஏழு முதல் பதினைந்து நாளுக்கு ஒருமுறை அதன் தலையைக் கிள்ளிக்கொண்டே இருக்கிறார்கள். பூக்க விடுவதில்லை, காய்க்க விடுவதில்லை. அது ஒவ்வொரு முறையும் இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகத் திரும்ப நீட்டுகிறது. ஓராண்டு, ஈராண்டு அல்ல. நூறு வயதைக் கடந்த செடிகள் இன்னும் கொழுந்து கொடுக்கின்றன. இப்படிப் பொறுத்துக்கொண்டு கொடுக்கும் உயிர் வேறு எது என்று யோசித்துப் பார்க்கிறேன், எளிதில் விடை வரவில்லை. புளித்த மண்ணில் அலுமினியம் கரைந்து பெரும்பாலான பயிர்களின் வேரைக் கருக்கிவிடும். தேயிலை அதே அலுமினியத்தை உறிஞ்சி முதிர்ந்த இலைகளில் ஒதுக்கி வைத்துக்கொண்டு செழிக்கிறது. மற்றவர்க்கு நஞ்சானதைத் தனக்குத் தோதாக்கிக்கொள்ளும் திறனை அதற்கு யார் கற்றுக் கொடுத்தார்கள்?

கொழுந்துக்குள் என்ன இருக்கிறது? நம்மை விழிக்க வைக்கும் காஃபீன் இருக்கிறது. செடி அதைத் தன்னைக் காத்துக்கொள்ளத்தான் செய்கிறது. இளம் இலை மெத்தென்று இருக்கும், பூச்சிகளுக்குப் பிடிக்கும். ஆகவே கொழுந்தில்தான் காஃபீன் மிகுதி. பூச்சியை விரட்டும் அதே பொருள் மனித மூளையில் போய், களைப்பைச் சொல்லும் அடினோசின் என்ற வேதிப்பொருள் உட்கார வேண்டிய இடத்தில் தான் உட்கார்ந்துகொள்கிறது. களைப்பு வந்து கதவைத் தட்டுகிறது, இடமில்லை. லாரி ஓட்டுநர் நத்தத்திலிருந்து திருச்சி வரை கண் அயராமல் போகிறார்.

இதைவிட வியப்பு ஒன்றுண்டு. காப்பிச் செடிக்கும் தேயிலைக்கும் நெருங்கிய உறவே கிடையாது. இரண்டும் தனித்தனியே, வெவ்வேறு மரபணு வழியில் காஃபீன் செய்யும் வித்தையைக் கண்டடைந்தன என்பதை 2014-இல் வெளியான காப்பி மரபணு ஆய்வு உறுதிப்படுத்தியது. மதுரைக்கு வடக்கே சிறுமலையிலும் தாண்டிக்குடியிலும் காப்பி. மேற்கே மேகமலையில் தேயிலை. இரண்டு திசை, இரண்டு குடும்பம், ஒரே பொருள். படைப்பில் இப்படி ஒரே விடையை இரண்டு கைகள் தனித்தனியே எழுதியிருப்பதைப் பார்க்கும்போது அறிவு கொஞ்சம் தலை வணங்கத்தான் செய்கிறது.

காப்பியில் இல்லாத ஒன்று தேயிலையில் இருக்கிறது. தியனின் என்று பெயர். 1949-இல் ஜப்பானில் கண்டறியப்பட்டது. வேரில் உருவாகித் தண்டு வழியே ஏறிக் கொழுந்தை அடையும் இது, தேயிலையையும் அதன் உறவுச் செடிகள் சிலவற்றையும் விட்டால் இயற்கையில் அநேகமாக வேறெங்கும் இல்லை. நாக்கில் ஒரு மெல்லிய இனிப்பும் நிறைவும் தருவது இதுதான். வெயில் பட்டால் இந்தத் தியனின் குறைந்து துவர்ப்புப் பொருள்கள் கூடும். அதை அனுபவத்தில் அறிந்த ஜப்பானிய விவசாயிகள் பறிப்பதற்குச் சில வாரங்கள் முன்பிருந்தே செடிக்குப் பந்தல் போட்டு நிழல் தருகிறார்கள். கியோகுரோ, மாச்சா என்ற அருமையான பச்சைத் தேயிலைகள் அந்த நிழலின் பயன். வேதியியல் பின்னால் வந்து, ஆம், அப்படித்தான் என்றது.

மூன்றாவதாகத் துவர்ப்புப் பொருள்கள். கேட்டசின் முதலான பாலிஃபீனால்கள். காய்ந்த கொழுந்தின் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வரை இவை இருக்கும். தேநீர் வகைகள் அத்தனையும் பிறப்பது இவற்றிலிருந்துதான்.

பச்சைத் தேயிலை ஒரு செடி, கறுப்புத் தேயிலை வேறொரு செடி என்று நம்மில் பலர் நினைக்கிறோம். கடையில் தனித்தனி டப்பாவில், வெவ்வேறு விலையில் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். எல்லாம் ஒரே இலை. கொழுந்தின் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் துவர்ப்புப் பொருள் ஓர் அறையில் இருக்கிறது. அதை மாற்றவல்ல நொதி வேறோர் அறையில் இருக்கிறது. நடுவே மெல்லிய சுவர். இலை செடியில் இருக்கும்வரை இரண்டும் சந்திப்பதில்லை. பறித்து, வாட்டி, கசக்கினால் சுவர் உடைகிறது, காற்றும் சேர்கிறது, மாற்றம் தொடங்குகிறது. பச்சை மங்கிச் செம்புநிறம் வருகிறது. தியாஃபிளேவின் என்ற பொன்னிறப் பொருளும் தியாரூபிஜின் என்ற செம்பழுப்புப் பொருளும் உருவாகின்றன. நம் கிளாஸில் தெரியும் அந்தச் சிவப்பு செடியில் இருந்ததில்லை. அதற்கான பொருளைத்தான் செடி ஒளித்து வைத்திருந்தது.

இந்த மாற்றத்தை எங்கே நிறுத்துகிறோம் என்பதில்தான் வகைகள். பறித்த உடனே சூடுகாட்டி நொதியை அடக்கிவிட்டால் பச்சைத் தேயிலை. சீனர்கள் பெரும்பாலும் இரும்புச் சட்டியில் வறுத்து அடக்குவார்கள். ஜப்பானியர் ஆவி காட்டுவார்கள். அதனால் ஒன்றில் வறுத்த கடலையின் வாசம், மற்றதில் கீரையின் வாசம். விரியாத மொட்டை மட்டும் பறித்து, கசக்காமல் அப்படியே வாடவிட்டு உலர்த்தினால் வெள்ளைத் தேயிலை. மொட்டின் மேலிருக்கும் வெண்ணிறப் பூனைமுடி அப்படியே ஒட்டியிருக்கும். பாதி வழியில் நிறுத்தினால் ஊலாங். சீனாவின் ஃபூஜியன் மலைகளும் தைவானும் இதற்குப் பேர் போனவை. கடைசிவரை விட்டால் கறுப்புத் தேயிலை, நாம் குடிப்பது. பக்குவம் செய்த இலையை நுண்ணுயிர்களிடம் ஒப்படைத்து ஆண்டுக்கணக்கில் முதிரவிட்டால் யுன்னானின் பூஅர். பர்மாவில் இலையை ஊறுகாய் போட்டுச் சாப்பிடவே செய்கிறார்கள். பர்மாவிலிருந்து திரும்பி வந்த குடும்பங்கள் நம் பக்கம் பல. அவர்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டால் இதைச் சொல்வார்கள்.

பச்சைத் தேயிலை கசக்கிறது என்று வாங்கி மூலையில் வைத்தவர்கள் ஏராளம். குற்றம் இலையில் இல்லை. நாம் டீத்தூளைக் கொதிக்க வைக்கும் பழக்கத்தில் அதையும் கொதிக்க வைத்துவிடுகிறோம். கொதித்து இறக்கி, சில நிமிடம் ஆறி, 75, 80 டிகிரிக்கு வந்த தண்ணீரில் இரண்டு நிமிடம் போட்டு எடுத்தால் போதும். அந்த மென்மையான இலைக்கு நாம் காட்ட வேண்டிய மரியாதை அவ்வளவுதான்.

பூச்சியை விரட்டக் காஃபீன் செய்யும் செடி என்றேன். பூச்சி கடித்தே தேநீர் உயர்ந்த கதையும் உண்டு. தைவானில் கோடைக் காலத்தில் தத்துப்பூச்சி என்ற சிறு பச்சைப் பூச்சி கொழுந்தின் சாற்றை உறிஞ்சும். இலை ஓரம் சுருண்டு மஞ்சளாகும். வேறு பயிராக இருந்தால் விவசாயி தலையில் கை வைத்துக்கொள்வார். கடிபட்ட தேயிலையோ தன்னைக் காக்க வாசனைப் பொருள்களைச் சுரக்கிறது. அந்த இலையைப் பக்குவம் செய்தால் தேனும் பழமும் கலந்த மணம். கீழை அழகி என்ற பொருள்படும் பெயரில் மிக உயர்ந்த விலைக்கு விற்கும் ஊலாங் அதுதான். டார்ஜிலிங்கின் இரண்டாம் பறிப்புத் தேயிலைக்கு இருக்கும் புகழ்பெற்ற திராட்சை மணத்திலும் இந்தப் பூச்சியின் கடிக்குப் பங்குண்டு. இந்த மணம் வேண்டுமென்றால் அந்தப் பருவத்தில் பூச்சி மருந்து அடிக்க முடியாது. காயத்திலிருந்து நறுமணம் எடுக்கும் இந்த ஏற்பாட்டை எந்தத் தொழிற்சாலையிலும் செய்ய முடிந்ததில்லை.

மதுரைக்காரர்கள் அறிந்து பெருமைப்பட வேண்டிய வகை ஒன்றை இதுவரை சொல்லவில்லை. மல்லிகைத் தேநீர்.

சீனாவின் ஃபூஜோ நகரைச் சுற்றி நூற்றாண்டுகளாகச் செய்யப்படும் தேநீர் இது. அங்கே பயன்படும் மல்லிகை ஜாஸ்மினம் சம்பாக் என்ற இனம். 2013-இல் புவிசார் குறியீடு பெற்ற நம் மதுரை மல்லியும் அதே இனம்தான். தெற்காசியாவில் பிறந்த இந்தக் கொடி பழங்காலத்திலேயே சீனத்துக்குப் போய் வேர் பிடித்தது. அங்கே செய்முறை இப்படி: வசந்த காலத்தில் செய்து வைத்த பச்சைத் தேயிலை கோடை வரை காத்திருக்கும். மல்லிகை மொட்டைப் பகலில் பறிப்பார்கள். மாலையில் மொட்டும் தேயிலையும் அடுக்கடுக்காகக் கலக்கப்படும். இரவில் மொட்டு விரிந்து மணம் விடும். உலர்ந்த தேயிலை நுண்துளைகள் நிறைந்தது. அந்த மணத்தையும் ஈரத்தையும் உறிஞ்சிக்கொள்ளும். விடிந்ததும் பூவைப் பிரித்தெடுத்துவிட்டு இலையை மறுபடி உலர்த்துவார்கள். நல்ல தரத்துக்கு மறுநாள் புதிய மொட்டு, மறுபடி ஓர் இரவு. இப்படி ஏழு முறை வரைகூடச் செய்வதுண்டு. இந்த ஃபூஜோ முறையை ஐ.நா.வின் உணவு வேளாண் அமைப்பு 2014-இல் உலக வேளாண் மரபாக அறிவித்தது.

ஒரு பூ இரவில்தான் மணக்கிறது. ஓர் இலை எந்த மணத்தையும் பிடித்து வைத்துக்கொள்கிறது. இரண்டையும் ஓர் இரவு சேர்த்து வைத்தால் போதும் என்று யாரோ ஒருவர் கண்டுகொண்டார். மதுரையில் இந்த இரண்டும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. தடித்த இதழும் நின்று மணக்கும் வாசனையும் கொண்ட மல்லி கீழே திருப்பரங்குன்றம், திருமங்கலம், உசிலம்பட்டி வட்டாரங்களில். தேயிலை மேலே மேகமலையில். சீனம் நம் பூவை வைத்துச் செய்ததை நாமே செய்வதற்கு எந்தத் தடையும் இல்லை. விலை சரிந்து மார்க்கெட்டில் மல்லி குவியும் நாட்களில் எனக்கு இந்த எண்ணம் வராமல் இருப்பதில்லை. மல்லிகை விவசாயியும் தேயிலைத் தோட்டக்காரரும் ஒருமுறை உட்கார்ந்து பேசினால் நல்லது.

எந்த மணத்தையும் பிடித்து வைத்துக்கொள்ளும் இதே குணத்தால் வீட்டில் ஒரு கேடும் வரும். தேயிலையைத் திறந்து வைத்தால் பெருங்காயமும் மசாலாப் பொடியும் அதில் ஏறிவிடும். இறுக மூடிய டப்பாவில், அடுப்பிலிருந்து தள்ளி வைக்க வேண்டும்.

மேகமலைக்கும் மேலே கொழுக்குமலை. தேனி மாவட்டத்தில், சுமார் 8,000 அடி உயரத்தில் இருக்கும் இது உலகின் மிக உயரமான தேயிலைத் தோட்டங்களில் ஒன்று. தமிழக மண்ணில் இருந்தாலும் கேரளத்தின் சூரியநெல்லி வழியாக ஜீப்பில்தான் ஏற வேண்டும். அங்குள்ள பழைய தொழிற்சாலையில் இன்றும் மரபு முறையில், இலையை நொறுக்காமல் உருட்டிப் பக்குவம் செய்கிறார்கள். அவ்வளவு உயரத்தில் குளிரால் கொழுந்து மெதுவாக வளரும், விளைச்சல் குறையும், வாசனை செறியும். அந்த உயரத்தில் தண்ணீர் 92 டிகிரி அளவிலேயே கொதித்துவிடும். கறுப்புத் தேயிலை தன் முழுச் சாரத்தையும் விடுவதற்கு நூறை ஒட்டிய சூடு நல்லது. தன் சொந்த மலையில் கிடைக்காத அந்த எட்டு டிகிரி கொழுக்குமலை இலைக்கு மதுரை அடுப்பில் கிடைக்கிறது. மலைக்கும் சமவெளிக்கும் இடையே இப்படியும் ஒரு கொடுக்கல் வாங்கல்.

நம் டீக்கடைத் தூள் வேறு முறையில் வருவது. அஸ்ஸாமில் வில்லியம் மக்கர்ச்சர் 1930-ஐ ஒட்டி உருவாக்கிய சி.டி.சி. எந்திரம், பல் வைத்த உருளைகளுக்கிடையே இலையை நசுக்கி, கிழித்து, சுருட்டும். செல் சுவர்கள் அநேகமாக எல்லாமே உடைவதால் மாற்றம் விரைவாக நடக்கும், நிறமும் துவர்ப்பும் ஓங்கி வரும். நாலரை கிலோ அளவுக்குப் பச்சைக் கொழுந்து போட்டால் ஒரு கிலோ தேயிலை கிடைக்கும். சலிக்கும்போது கடைசியில் விழும் நுண்ணிய டஸ்ட் தூள்தான் தென்னாட்டில் அதிகம் விற்கிறது. டஸ்ட் என்றதும் கழிவு என்று முகம் சுளிக்க வேண்டாம். அதுவும் அதே கொழுந்து. துகள் சிறியது, சாயம் சீக்கிரம் இறங்கும், ஒரு கிலோவுக்கு அதிக கிளாஸ் வரும். ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கானவர்க்கு ஊற்றித் தரும் கடைக்கு அதுவே பொருத்தம்.

டீ மாஸ்டரின் கையை நின்று பாருங்கள். துணி வடிகட்டியில் தூள், அதன்மேல் கொதிநீர், கீழே கருஞ்சிவப்பில் டிகாக்‌ஷன். கிளாஸில் சர்க்கரை, காய்ச்சிய பால், பிறகு டிகாக்‌ஷன், பிறகு ஓர் ஆற்று. பாலிலுள்ள கேசீன் என்ற புரதம் துவர்ப்புப் பொருளைப் பிடித்துக்கொள்வதால்தான் அவ்வளவு கடுமையான தூளும் நாக்கில் வழவழப்பாக இறங்குகிறது. ஆற்றும்போது சூடு குடிக்கும் அளவுக்கு வருகிறது, நுரை கட்டுகிறது, பாலும் சாயமும் ஒன்றாகின்றன. ‘ஸ்ட்ராங்கா ஒண்ணு’, ‘லைட்டா, சர்க்கரை கம்மியா’ என்று வரும் குரல்களுக்கெல்லாம் தனித்தனியே அளந்து ஊற்றுகிறார். எதையும் எழுதி வைப்பதில்லை. கடல் கடந்துபோன தமிழ் முஸ்லிம்கள் இதே ஆற்றும் கலையை மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வேரூன்ற வைத்தார்கள். அங்கே தே தாரிக் என்று அந்த நாடுகளின் அடையாளமாகவே அது ஆகிவிட்டது.

ஓர் எச்சரிக்கை. தேநீரின் துவர்ப்புப் பொருள் சோற்றிலும் கீரையிலும் உள்ள இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாமல் தடுக்கும். சாப்பிட்ட கையோடு டீ குடிக்கும் பழக்கம் ரத்தசோகை உள்ள பெண்களுக்கு நல்லதல்ல. சாப்பாட்டுக்கும் டீக்கும் ஒரு மணி நேரம் இடைவெளி விடுங்கள்.

இலையின் அதிசயத்தைப் பேசிவிட்டு அதைப் பறித்த கையைப் பேசாமல் விட்டால் பாவம் சேரும். 1867-இல் ஜேம்ஸ் டெய்லர் இலங்கையின் லூல்கந்துராவில் 19 ஏக்கரில் தேயிலை நட்டார். சில ஆண்டுகளில் இலைத்துரு நோய் காப்பித் தோட்டங்களை அழிக்க, மலைநாடு முழுவதும் தேயிலையானது. அந்த மலைகளை வெட்டித் திருத்தியவர்கள் மதுரை, ராமநாதபுரம், திருச்சி, திருநெல்வேலிச் சீமைகளிலிருந்து பஞ்சத்துக்குத் தப்பிப் போன நம்மவர்கள். மூணாறுக்கும் வால்பாறைக்கும் ஏறியவர்களும் அவர்களே. கங்காணியின் முன்பணம், லயன் வீடு, மலேரியா, அட்டைக்கடி. தோட்டத்து மருத்துவராக இருந்த பி.எச். டேனியல் அந்தத் துயரத்தை 1969-இல் நாவலாக எழுதினார், இரா. முருகவேளின் மொழிபெயர்ப்பில் ‘எரியும் பனிக்காடு’ என்று தமிழில் கிடைக்கிறது. 1964-ஆம் ஆண்டு சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தால் இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியவர்களுக்கு வேலை கொடுக்கவே தமிழக அரசு நீலகிரியிலும் வால்பாறையிலும் தேயிலை நட்டது. 1976 முதல் அது டான்டீ என்ற அரசு நிறுவனம். இரண்டு இலையும் ஒரு மொட்டும் எங்கே முடிகிறது என்பதைக் கண்ணால் பார்க்காமலே விரல் நுனியால் அறியும் பெண்களின் கை படைப்பின் அதிசயங்களில் ஒன்று. அதற்குரிய கூலி அதற்குக் கிடைப்பதில்லை என்பதே என் எண்ணம்.

தேயிலைத் தோட்டத்தின் அழகில் மயங்கி மறக்கக் கூடாதது இன்னொன்றும் உண்டு. அந்தப் பச்சைப் பாய்க்கு முன்னால் அங்கே இருந்தது சோலைக்காடு. மழையை வாங்கி, பஞ்சுபோன்ற மண்ணில் பிடித்து வைத்து, கோடையிலும் சொட்டுச் சொட்டாக விடுவது அந்தக் காடுதான். தேயிலை அந்த வேலையைச் செய்யாது. ஓடை ஓரங்களில் சோலை மிஞ்சியிருக்கும் தோட்டங்களில்தான் ஓடையும் மிஞ்சியிருக்கிறது. 2021-இல் அறிவிக்கப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலைப் புலிகள் காப்பகம் புலிக்கு மட்டுமான ஏற்பாடு அன்று. வைகையின் தலை அங்கே இருக்கிறது. மேலே இருக்கும் காட்டில் இனி ஓர் ஏக்கர்கூடத் தேயிலையாகவோ விடுதியாகவோ மாறக் கூடாது. கொழுந்து வரும், காய்ச்சத் தண்ணீர் வராது என்ற நிலையை மதுரை தாங்காது.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். பாலும் சர்க்கரையும் சேர்த்த டீயை விட்டுவிடச் சொல்லவில்லை; அது நம் உழைப்பாளிகளின் தெம்பு. ஆனால் ஒருமுறை மேகமலை, கொழுக்குமலை அல்லது நீலகிரியின் முழு இலைத் தேயிலை கொஞ்சம் வாங்குங்கள். கடையில் இல்லையென்றால் கேளுங்கள். கேட்பவர் இருந்தால் கடைக்காரர் வரவழைப்பார். ஒரு சிறு கரண்டி இலையைக் கண்ணாடிக் கிளாஸில் போட்டு, கொதிநீர் ஊற்றி, மூன்று நிமிடம் மூடி வையுங்கள். பிள்ளைகளை அருகில் கூப்பிட்டு, ஊறி விரிந்த இலையை வெளியே எடுத்து, நரம்பும் ஓரத்துப் பல்லுமாக அது ஒரு செடியின் இலை என்று காட்டுங்கள். டீத்தூளை மட்டுமே பார்த்து வளரும் நம் ஊர்ப் பிள்ளைகளில் அதைக் கண்டவர்கள் மிகக் குறைவு.